விட்டுவிட்டும் விடாமலும்

திங்கட்கிழமைத் தபாலில் ஏழு அஞ்சலட்டைகள் வந்திருந்தன. எனிட் அவற்றைச் சமையலறை மேஜையில் சீட்டுப் பரப்புவதுபோல் பரப்பி வைத்தாள். ஏழு பேர் ஏழு பிழை கண்டுபிடித்திருந்தார்கள். ரொட்டிக்கடை மிஸஸ் டாட்வெல், கமா ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். மேல்தெருப் பாதிரியாருக்கு மழை உதாரணத்தில் சந்தேகம். தூறுவது வேறு, பெய்வது வேறு என்று ஆரம்பித்து, இடம் போதாமல் அட்டையின் விளிம்பைச் சுற்றி எழுதிக்கொண்டே போய் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். இன்னொருவர் ஆதாரம் எதுவும் தராமல் 'மூன்றாம் வரி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எனிட் பத்திரிகையை எடுத்து அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். இரண்டாம் தடவை விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. பிழையே இல்லை. வைக்க மறந்துவிட்டாள்.

இது எப்பேர்ப்பட்ட விபரீதம் என்று ஸ்கெல்பெக்கில் குடியிருக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை 'ஹெரால்டு' வாரப் பத்திரிகை வந்தால் முதலில் படிப்பது வில்ஃபின் பத்தியை. செத்தவர் பெயர்களே அதற்குப் பிறகுதான். எனிட்டின் கணவர் வில்ஃப் ஹோல்ராய்ட் நாற்பத்தோரு வருஷம் ஊர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். பைபிள் முதல் பன்றிச் சந்தை அறிவிப்பு வரை அவர் பென்சில் படாமல் எதுவும் வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று விருந்தில் எழுந்து நின்று, "நாப்பத்தோரு வருஷம் அடுத்தவன் வச்ச பிழைய எடுத்தாச்சு. இனிமே நான் கொஞ்சம் வைக்கிறேன்" என்றார். அப்படித்தான் அந்தப் பத்தி ஆரம்பித்தது. காதுக்கு ஒன்றுபோல் ஒலித்து, ஆளை ஏமாற்றும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டு எது எங்கே வரும் என்று வாராவாரம் விளக்குவார். விளக்கத்துக்குள் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்து வைப்பார். ஒன்றே ஒன்று. கண்டுபிடித்தவர்கள் அட்டை போட வேண்டும். முதலில் வந்த சரியான அட்டைக்காரரின் பெயர் அடுத்த வாரம் அச்சில் வரும். பத்தொன்பது வருஷமாக இதற்காக ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது.

அட்டைகளை எனிட் இன்னொரு முறை எண்ணினாள். நார்மன் கட்கிளிஃபின் அட்டை இல்லை. மேஜைக்கு அடியிலும் குனிந்து தேடினாள்.

நார்மன் ரயில்வே சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சை மையில், ரயில் அட்டவணைபோல நேர்க்கோடாக எழுதுவார். சனிக்கிழமை அவர் போட்ட அட்டை திங்கட்கிழமை காலை வராமல் இருந்ததே இல்லை. அவர் மனைவி இறந்த வாரம்கூட வந்தது. ஒரு காலத்தில் அவரும் வில்ஃபும் சனிக்கிழமைதோறும் ஒன்றாக உட்கார்ந்து பியர் குடித்தவர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாரம் நார்மன், 'இந்தப் பத்தியில் பிழை இரண்டு' என்று எழுதிவிட்டார். ஒன்றுதான் என்று வில்ஃப் அச்சிலேயே பதில் போட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் கசாப்புக் கடை ஜன்னலைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். ஆனால் அட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடந்த பதினாலு வாரமாகப் பத்தியை எழுதுவது எனிட். வெளியே ஒருவருக்கும் தெரியாது. கம்பளி ஆலை அலுவலகத்தில் டைப் அடித்தவள். வில்ஃபின் பத்தியை ஆரம்பத்திலிருந்து டைப் அடித்துக் கொடுத்ததும் அவள்தான். ஆகவே அவர் எப்படி ஆரம்பிப்பார், எங்கே கிண்டல் செய்வார், எங்கே கிரிக்கெட்டை இழுப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன இளவேனிலில் அவர் ஒரே பத்தியை இரண்டு வாரம் எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் தலைப்பை மட்டும் எழுதி, அதன் கீழே அழகாகக் கோடு போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வராது, போகிறதை மெதுவாக்கலாம் என்றார். இருக்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எனிட் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வில்ஃப் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரிப்பார். அவர் பெயர் இருக்கும், பக்கத்தில் தபால்தலை அளவுக்கு அவர் படம் இருக்கும். அவ்வளவுதான், ஆள் திரும்பி வந்துவிடுவார். "புள்ள, டீ எங்க?" என்பார். மிஸஸ் டாட்வெல்லை நக்கலடிப்பார். அந்த வாரத்துப் பிழையைத் தானே ஒளித்து வைத்ததாக நினைத்துக் கழுத்து குலுங்கச் சிரிப்பார். ஒரு மணி நேரம், சில வாரம் ஒன்றரை மணி நேரம். அப்புறம் பத்திரிகை மடியிலிருந்து சரியும். கண் எங்கோ போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எனிட் வாரத்தின் மற்ற நாட்களைத் தள்ளினாள். அது போய்விட்டால் என்ன மிச்சம் என்று யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை. விஷயம் பத்திரிகைக்குத் தெரிந்தால் பத்தி நின்றுவிடும். பத்தி நின்றால் வெள்ளிக்கிழமை நின்றுவிடும்.

போன வாரம் அவள் எடுத்துக்கொண்ட ஜோடி கன்டினியுவல், கன்டினியுவஸ். வில்ஃபின் பழைய பட்டியலில் எழுதப்படாமல் கிடந்த ஜோடி. எழுத உட்கார்ந்த செவ்வாய்க்கிழமை காலை முழுக்க அவர் அவளை 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க எந்த ஊர்? இங்க வேலைக்கு வந்து ரொம்ப நாளாச்சா?" என்று அத்தனை மரியாதையாகக் கேட்டார். ஐம்பது வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. அவளும், "பக்கத்து ஊர்தான் சார், இப்பத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கிரிக்கெட்டும் வரவில்லை, கிண்டலும் வரவில்லை. வந்தது இதுதான்:

'கன்டினியுவஸ் என்றால் இடைவிடாமல் நடப்பது. கன்டினியுவல் என்றால் விட்டுவிட்டு நடப்பது. விடாமல் பெய்யும் மழையில் ஒரு நிம்மதி இருக்கிறது. துணி காயாது என்று தெரிந்துவிட்டால் நாம் துவைக்காமல் இருந்துவிடுகிறோம். விட்டுவிட்டுப் பெய்யும் மழை அப்படி இல்லை. நின்றுவிட்டது என்று நம்பிக் கடைசித் துணியையும் கொடியில் மாட்டி உள்ளே வந்து கையைத் துடைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். இரண்டில் எது பெரிய மழை என்று கேட்டால், அளந்து பார்க்கிறவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். துணி காயப்போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.'

அடித்து முடித்தபோது முகம் நனைந்திருந்தது. காகிதத்தை உருவி உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். பிழை என்கிற ஒன்று வைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நார்மன் கட்கிளிஃப் நிற்கிறார். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டுகிறது. கக்கத்தில் நாலாக மடித்த 'ஹெரால்டு'. பன்னிரண்டு வருஷமாக அந்தப் படியில் கால் வைக்காத மனுஷர்.

"அட்டை போடலையேன்னு பாத்தீங்களா?" என்றார்.

"உள்ள வாங்க. அவரு தூங்குறாரு."

சமையலறையில் உட்காரவைத்து டீ ஊற்றினாள். நார்மன் கோப்பையைத் தொடவில்லை. பத்திரிகையை மேஜையில் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார். வரிக்கு வரி பச்சை மையில் புள்ளி வைத்திருந்தது. எத்தனை தடவை படித்தாரோ, காகிதமே நைந்துபோயிருந்தது.

"மூணு நாள் பாத்தேன். பிழையே இல்ல," என்றார்.

"அது வந்து, இந்த வாரம் அவருக்கு உடம்பு…"

"மிஸஸ் ஹோல்ராய்ட், எனக்குப் பதினாலு வாரமாத் தெரியும்."

எனிட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"வில்ஃப் வைக்கிற பிழை கெட்ட பிழை. ஆள அலையவிடும். நீங்க வைக்கிறது நல்லவங்க வைக்கிற பிழை, வாசல்லயே உக்காந்து வாங்கன்னு கூப்பிடும். அப்புறம் இந்தத் துணி காயப்போடுற சமாசாரம். அவனுக்குக் கொடி எந்தப் பக்கம் கட்டியிருக்குன்னாவது தெரியுமா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். எனிட்டுக்கு வரவில்லை. "பத்திரிகையில சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

"சொல்றவன் பதினாலு வாரம் உக்காந்து அட்டை எழுதுவானா?" நார்மன் இப்போதுதான் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பிழை இருந்தவரைக்கும் வீட்டுல எல்லாம் நடக்குதுன்னு இருந்தேன். இந்த வாரம் ஒண்ணுமே இல்லன்னதும் பயந்துட்டேன். ஒருவேளை அவன் போயிட்டானோன்னு. நீங்க யார்கிட்டயும் சொல்லாம தனியா உக்காந்திருக்கீங்களோன்னு."

அப்போதுதான் எனிட் அதைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று திட்டமெல்லாம் இல்லை. பன்னிரண்டு வருஷம் உள்ளே கிடந்தது, தானே வந்துவிட்டது. "நார்மன், அன்னிக்கு அந்தப் பத்தியில ரெண்டு பிழைதான். ரெண்டாவது நான் டைப் அடிச்சதுல விழுந்தது. அவருகிட்ட ஒத்துக்கிட்டேன். விடு புள்ள, அச்சுல வந்தது எல்லாம் என் பொறுப்புன்னுட்டாரு. என் பேரு வெளிய வரக்கூடாதுன்னு ஒண்ணுதான்னு எழுதினாரு. உங்ககிட்ட உண்மையச் சொல்லுங்கன்னு அவருகிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். கேக்கல."

நார்மன் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார். டீயைக் குடித்தார். அது ஆறிப்போயிருக்கும். "அப்படியா," என்றார் கடைசியில்.

செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. வில்ஃப் கதவருகே நின்றார். கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தன. மேல் பையில் வழக்கம்போல் அந்தக் கட்டைப் பென்சில்.

"யாரோ வந்திருக்காங்க போல," என்றார்.

நார்மன் எழுந்துகொண்டார். "நார்மன். நார்மன் கட்கிளிஃப்."

"ரொம்ப சந்தோஷம்," என்று வில்ஃப் கையை நீட்டினார். முகத்தில் பழசு ஒன்றும் இல்லை; கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. புதிதாகப் பார்க்கிற ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. நார்மன் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. எனிட் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்டை போட்டவர்களில் ஒருவர் அதை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார், மற்றவர் இத்தனை வருஷமும் இரண்டு பேர் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறார் என்று நினைத்தாள். அந்தச் சுமையில் பாதி அவள் ஏற்றி வைத்தது.

வில்ஃபின் கண் மேஜைமேல் போயிற்று. அச்சுக் காகிதத்தைக் கண்டால் அவர் சும்மா இருக்கமாட்டார். மற்றதெல்லாம் போனபிறகும் அது மட்டும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டார். வரிக்கு அடியில் பென்சில் நுனி நகர்ந்தது, காகிதத்தைத் தொடாமல், ஒரு மயிரிழை மேலே. அச்சகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் எனிட் அந்தக் காலத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தத் தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு போவாள். இப்போது அதே முகம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

கடைசி வரி வரை போனார். "நல்லா எழுதியிருக்கு," என்றார். "மழையப் பத்தி நல்லா எழுதியிருக்கு."

"பிழை எங்கயாவது இருக்கா?" நார்மன் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு."

"எங்க?"

வில்ஃப் பத்தியின் தலைக்குப் போனார். அங்கே வில்ஃப்ரெட் ஹோல்ராய்ட் என்று பெயர். பக்கத்தில் தபால்தலை அளவுப் படம். பெயரின் நடுவே பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில், நீக்கிவிடு என்பதற்கு அச்சகத்தில் போடுகிற அந்தச் சுழியைப் போட்டார்.

"இது அவன் எழுதினது இல்ல," என்றார்.

எனிட் அந்தச் சுழியைப் பார்த்தாள். தெரிந்துதான் சொல்கிறாரா? பதினாலு வாரமும் தெரிந்துகொண்டுதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டிருந்தாரா? இல்லை, அந்தப் பெயரே அவருக்கு வேறு யாருடைய பெயரோ ஆகிவிட்டதா? இரண்டில் எதுவாக இருந்தாலும் தாங்காது. ஆனாலும் கேட்டாள்.

"அவன்னா யாரு, வில்ஃப்?"

வில்ஃப் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு அவனத் தெரியாதா?" என்றார், அதே மரியாதையோடு. "ஒரு வாரம்கூடப் பிழை வைக்காம விடமாட்டான்."

பென்சிலைப் பையில் செருகிக்கொண்டு அவர் ஜன்னல் நாற்காலிக்குப் போய்விட்டார். நார்மன் பத்திரிகையை மடித்தார், கோடு போட்ட பக்கம் உள்ளே போகும்படி. அதை எடுத்துக்கொண்டு போவதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் எனிட் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு மழையில் இறங்கிவிட்டார். எந்த ஜன்னலையும் பார்க்காமல் நேரே நடந்தார்.

புதன்கிழமை காலை பச்சை மையில் அட்டை வந்தது. எனிட் அதை நடைக்கூடத்தில் நின்றபடியே படித்தாள்.

'அன்புள்ள வில்ஃப், தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இந்த வாரம் நீ ஜெயித்துவிட்டாய். அந்தப் பழைய விவகாரத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிழை ஒன்றுதான். என் கணக்குத்தான் தப்பு. நார்மன் கட்கிளிஃப்.'

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டுதான் என்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டுப் போன மனுஷர், ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அட்டையைக் கொண்டுபோய் வில்ஃபின் கையில் கொடுத்தாள்.

அவர் வாய் அசைய மெதுவாகப் படித்தார். முடிக்குமுன்பே தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"புள்ள, இங்க பாரு. நார்மன் தோத்துட்டான்."

வெள்ளிக்கிழமை இல்லை, பத்திரிகை இல்லை. இருந்தும் 'புள்ள' என்றார். எனிட், "அப்படியா, எங்க காட்டுங்க" என்று வாங்கிப் படித்து, "அட, ஆமா" என்றாள்.

பத்தி அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அவள் உள்ளே போய் டைப்ரைட்டரில் காகிதம் ஏற்றினாள். தலைப்பை அடித்தாள். அதற்குக் கீழே பெயர் வர வேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. பதினாலு வாரம் யோசிக்காமல் அடித்த பெயர். எழுத்துகள் தெரியும், விரல்களுக்கே மனப்பாடம். ஆனால் அந்த இடத்தைப் பார்த்தால் குறுக்கே ஒரு பென்சில் கோடு ஓடுவதுபோல் இருந்தது. அங்கே இடம் விட்டுவிட்டு, போன வாரத்துக்கான பதிலை முதலில் அடித்தாள்: 'போன வாரப் பத்தியில் இருந்த பிழையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.'

அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"புள்ள, இங்க வாயேன். நார்மன் அட்டை போட்டிருக்கான். தோத்துட்டான்."

அவள் எழுந்து போய்ப் பார்த்து, "அட, ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வரி அடித்தாள். வெளியே மழை விட்டு, எதிர்வீட்டுக் கூரைமேல் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி போனாள். வருகிற வழியில் கொல்லைக் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். துணிக்கூடை நிறைய ஈரத்துணி காலையிலிருந்து கிடந்தது. இரண்டு போர்வையையும் அவருடைய சட்டைகளையும் கொடியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று முறை, ஐந்து முறை என்று எண்ணிக்கொண்டிருந்தவள் ஒன்பதுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் அப்போதுதான் ஜெயித்திருந்தார்.

மதியத்துக்கு மேல் கண்ணாடியில் முதல் தூறல் தட்டியது. எனிட் கொடியை நினைத்து எழுந்தாள்.

"புள்ள," என்றார் வில்ஃப் உள்ளேயிருந்து.

அவள் கொல்லைக் கதவுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு கணம் நின்றாள். பிறகு அறைக்குள் போய் அவர் காலடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி அட்டையை வாங்கி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வெளியே சட்டைகள் நனைந்துகொண்டிருந்தன.